உயிர்ப்பும் ஒப்புமையும்

'அனிமேஷன்' என்னும் சொல், உயிரூட்டல் என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பிறந்தது. உயிர் தருதல் இறைவன் ஒருவனுக்கே உரியது. ஓவியன் தருவது அதன் சாயலை மட்டுமே. அச்சாயல் நம்மைக் கட்டிப்போடுவது ஏன்?

வடகவுஞ்சி மலைச்சரிவில் மூடுபனி நகர்கையில், நிற்கும் மரங்களே நடப்பனபோல் தோன்றும். அசைவைத் தேடுவது கண்ணின் இயல்பு. நொடிக்கு 24 படங்களாக ஓடும் திரையிலும், தனித்தனிச் சித்திரங்களை அசைவாக இணைப்பது நம் மனமே. ஆகவே பார்ப்பவனும் அம்மாயத்தில் பங்காளி.

1989 இல் ஏவி.எம். வெளியிட்ட 'ராஜா சின்ன ரோஜா'வின் பாடற்காட்சியில், ரஜினிகாந்துடனும் சிறுவர்களுடனும் கோட்டோவிய விலங்குகள் ஆடின. அவை மெய்யானவை என்று எந்தக் குழந்தையும் நம்பியிராது. ஆயினும் அவற்றை நேசிக்கத் தடையில்லை. 2014 இல் வந்த 'கோச்சடையான்', நடிகரின் அசைவுகளைக் கணிப்பொறியில் பதிந்து, அவர் முகத்தையே வடிக்க முயன்றது. கருவி வளர்ந்தது, கண்களில் உயிர்ப்போ குன்றியது. மெய்யை முழுதும் ஒத்திருக்க முனைந்தமையால், நம் கற்பனைக்கு அங்கே வேலையில்லை. எஞ்சிய குறையே கண்ணை உறுத்திற்று.

ஒப்புமை கலையன்று, தேர்ந்து காட்டலே கலை என்பது நம் துணிபு. பிள்ளைகளுக்காகப் படம் எடுப்போர் இதனை நினைவிற் கொள்வார்களாக!