நிரல் எழுதும் சூழல்கள்: பாணிகளும் அளவுகோல்களும்

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் கணினி படித்தவர்களை, அவர்கள் முதலில் பழகிய திரையை வைத்தே தலைமுறை பிரித்துவிடலாம். டர்போ சி-யின் நீலத் திரையில் தொடங்கியவர்கள் ஒரு கூட்டம். ஃபாக்ஸ்புரோவில் கட்டளை தட்டியவர்கள், விஷுவல் பேசிக்கில் பொத்தானை இழுத்து வைத்துப் படிவம் வரைந்தவர்கள், லேப் கணினியில் எக்லிப்ஸ் திறக்கும்வரை காத்திருந்தவர்கள் என்று மற்றவர்கள். இன்றைய பிள்ளைகள் பைதானின் ஐடிலிலோ விஎஸ் கோடிலோ தொடங்குகிறார்கள். ஒவ்வொரு திரையும் ஒரு பாணி. அதில் பழகிய கை அந்தப் பாணியை எளிதில் விடுவதில்லை.

இந்தப் பாணிகளை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் மூன்று. மாணவர் வீட்டில் இருக்கும் கணினியில் அது ஓடுமா? தவறு நேர்ந்தால் புரியும்படி காட்டுமா? அதில் செய்த வேலை, அந்தச் சூழலை விட்டு வெளியே வந்த பிறகும் பயன்படுமா? அழகும் வசதியும் இவற்றுக்குப் பிறகுதான். மூன்றில் கடைசியையே நான் பெரிதாக மதிக்கிறேன். கற்றவர் ஊர் மாறுவார், நிறுவனம் மாறுவார், கணினி மாறும். அவர் எழுதியது கூடவே போக வேண்டும்.

நீலத் திரையிலிருந்து தொடங்குவதே முறை. 1983-இல் போர்லாண்டு நிறுவனம் டர்போ பாஸ்கலை ஐம்பது டாலருக்கும் குறைந்த விலையில் விற்றது. அதன் கம்பைலரை எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க். அதுவரை எழுத ஒரு மென்பொருள், கம்பைல் செய்ய ஒன்று, இணைக்க ஒன்று என்று தனித்தனியாக அலைய வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே திரைக்குள் வந்ததும் எழுதுவது, ஓட்டுவது, திருத்துவது மூன்றும் ஒரே மூச்சில் நடந்தன. 1987-இல் டர்போ சி, 1990-இல் டர்போ சி++. எவ்வளவு பழைய கணினியிலும் ஓடும், இணையம் வேண்டாம், ஒரு ஃபங்க்‌ஷன் பெயர்மேல் கர்சரை வைத்துக் கண்ட்ரோல்-எஃப்1 தட்டினால் விளக்கம் கிடைக்கும். முதல் அளவுகோலில் இதற்கு முழு மதிப்பெண். எங்கள் லேப்களில் அது வேரூன்றியதற்குக் காரணம் அதுவே.

ஆனால் அது வெளியேற வேண்டிய காலத்தில் வெளியேறவில்லை. சி++ மொழிக்கு உலகப் பொதுத் தரம் 1998-இல் வந்தது. டர்போ அதற்கு முந்தியது. கல்லூரிகளோ அதற்குப் பின்னும் பல்லாண்டுகள் அதையே கற்பித்தன. 64-பிட் விண்டோஸில் அது நேரடியாக ஓடாது என்றதும், டாஸ்பாக்ஸ் வழியாக ஓட வைத்தார்களே தவிர மாற்றவில்லை. கோனியோ தலைப்புக் கோப்பு, கிளியர் ஸ்கிரீன், வாய்ட் மெயின், கடைசியில் ஒரு கெட்ச் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்தவற்றை இன்றைய ஜிசிசி கம்பைலரில் கொடுத்தால், கம்பைலே ஆகாது. அதைவிட ஆழமான சேதம் ஒன்று உண்டு. டர்போவில் இண்ட் என்பது 16 பிட். 32767-க்கு மேல் அதில் அடங்காது. 8-இன் ஃபேக்டோரியல் 40320. டர்போவோ -25216 என்று காட்டும், எச்சரிக்கை எதுவும் தராது. ரெக்கார்டு நோட்டில் 5-க்கும் 6-க்கும் மட்டும் அவுட்புட் எழுதிக் கையெழுத்து வாங்கியவர்கள் இதைக் கண்டதே இல்லை. இரண்டாவது அளவுகோலிலும் மூன்றாவதிலும் இந்தப் பாணி தோற்றது என்பதே என் முடிவு. அது நல்ல கருவிதான். உரிய காலம் தாண்டி அதைப் பிடித்துவைத்திருந்தது நம் குற்றம்.

பள்ளிப் பாடநூல்கள் இந்த விஷயத்தில் சில கல்லூரிகளை முந்திவிட்டன. 2018-19-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்பு சி++ பாடம் தேவ்-சி++ போன்ற இலவசச் சூழலுக்கு நகர்ந்தது. அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் பைதான், எஸ்கியூஎல், பைதானிலிருந்தே எஸ்கியூலைட்டைக் கையாளுதல் ஆகியவை வந்தன, தமிழ் வழியிலும்தான். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல கணினிகள் விண்டோஸோடு சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் சேர்த்தே தாங்கி வந்தன. அந்த இரண்டாவது கதவைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. திறந்தவர்களுக்கு ஜிசிசி, பைதான், எஸ்கியூலைட் எல்லாம் காசில்லாமல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

தரவுத்தளப் பக்கத்தில் பாணிகள் இன்னும் தெளிவாகப் பிரிந்தவை. டிபேஸ், ஃபாக்ஸ்புரோ வழியில் நிரலும் தரவும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஃபாக்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் 1992-இல் வாங்கியது. கடைசியாக வந்தது விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9. அதற்கான ஆதரவு 2015 ஜனவரியில் முடிந்தது. நிரல் அத்தோடு அனாதையானாலும் தரவு பிழைத்தது. டிபிஎஃப் கோப்பின் அமைப்பு எளியது, எல்லோருக்கும் தெரிந்தது. இன்றும் லிப்ரே ஆபீஸில் திறந்துவிடலாம். விஷுவல் பேசிக் 6-இல் நிலைமை வேறு. 1998-இல் வந்த அந்தச் சூழலுக்கு 2008 ஏப்ரலில் ஆதரவு நின்றது. அதில் செய்யப்பட்ட நூலக மேலாண்மை, சம்பளப் பட்டியல், மருத்துவமனைப் பதிவு போன்ற இறுதியாண்டு புராஜெக்ட்டுகளுக்குக் கணக்கில்லை. படிவத்தை வரைந்து, டேட்டா கண்ட்ரோலை ஒட்டினால் வேலை முடிந்தது. கீழே என்ன வினவல் ஓடுகிறது என்று வைவாவில் கேட்டால் பலர் விழித்தார்கள். பார்வைக்கு எல்லாவற்றையும் காட்டிய சூழல், முக்கியமானதை மறைத்தது.

அதே காலத்தில் பக்கத்து மேசையில் ஆரக்கிளின் எஸ்கியூஎல் பிளஸ் இருந்தது. கறுப்புத் திரை, ஒரு தூண்டுகுறி. ஸ்காட் என்ற பயனர், டைகர் என்ற கடவுச்சொல். ஊழியர் பட்டியலில் கிங், ஸ்மித், பிளேக். கவர்ச்சி எதுவும் கிடையாது. ஆனால் அங்கே கற்றது இன்றும் செல்லும். 1970-இல் எட்கர் காட் உறவுமுறைத் தரவு மாதிரியை முன்வைத்தார். 1974-இல் சேம்பர்லினும் பாய்ஸும் அதற்கு ஒரு வினவல் மொழி வகுத்தார்கள். 1986-இல் அமெரிக்கத் தர நிறுவனம் எஸ்கியூஎல்லைத் தரமாக அறிவித்தது. அன்று ஆரக்கிளில் எழுதிய எளிய செலக்ட் வினவலைச் சிறு மாற்றத்தோடு இன்று போஸ்ட்கிரெஸிலும் மைஎஸ்கியூஎல்லிலும் ஓட்டலாம். மூன்றாவது அளவுகோலில் முதலிடம் இந்தக் கறுப்புத் திரைக்கே. பின்னால் வந்த பிஎச்பி மைஅட்மின், பிஜிஅட்மின், டிபீவர் போன்ற வரைகலைக் கருவிகள் அட்டவணைகளின் உறவைக் கண்ணால் பார்க்க உதவுகின்றன. வேலைக்குப் போனவர்களுக்கு நல்லவை. வினவலைக் கையால் எழுதத் தெரிந்த பிறகு அவற்றைத் தொடுவதே நல்லது. இதைத் தமிழில் கற்க விரும்புகிறவர்களுக்கு து. நித்யாவின் ‘எளிய தமிழில் MySQL’ நூல் கணியம் வழியாக இலவசமாகவே கிடைக்கிறது.

ஜாவாவின் பெருஞ்சூழல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிராகாவில் மாணவர் திட்டமாக 1996-இல் தொடங்கியது நெட்பீன்ஸ். ஐபிஎம் 2001-இல் வெளியிட்டது எக்லிப்ஸ். அதே ஆண்டு இன்டெல்லிஜே வந்தது. தட்டும்போதே பிழையைச் சிவப்பாக அடிக்கோடிடுவதும், ஒரு பெயரை மாற்றினால் ஆயிரம் இடங்களில் தானே மாற்றுவதும் இவற்றின் கொடை. கனம் மட்டுமே குறை. எக்லிப்ஸை உருவாக்கியவர்களில் முக்கியமான எரிக் காமாவே பின்னர் மைக்ரோசாஃப்டில் விஎஸ் கோடு குழுவை நடத்தினார். 2015-இல் வந்த விஎஸ் கோடு, ஓர் உரைத் தொகுப்பியின் எடையில் பெருஞ்சூழலின் அறிவைத் தர முயன்றது. 2016-இல் அந்த அறிவைத் தனியே பிரித்து, எந்தத் தொகுப்பியும் கேட்டு வாங்கக்கூடிய ஒரு பொது நெறிமுறையாக வெளியிட்டார்கள். 1976-லிருந்து வாழ்ந்துவரும் விஐ வழியினரும் ஈமாக்ஸ் வழியினரும் இப்போது அதே பிழைக் குறிப்புகளைத் தங்கள் திரையிலேயே பெறுகிறார்கள். எது சிறந்த தொகுப்பி என்ற பழைய சண்டைக்கு இனிப் பொருளில்லை. சர்வரில் நுழைந்து வேலை செய்யப் போகிறவர் விஐ-இல் திறக்க, திருத்த, சேமிக்கத் தெரிந்திருந்தால் போதும். மற்றது அவரவர் விருப்பம்.

நான் அதிகம் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். தமிழ் மாணவர்களுக்கான சூழலை, தமிழை அது எப்படி நடத்துகிறது என்பதை வைத்து நாம் ஒப்பிட்டதே இல்லை. ‘சிதம்பரம்’ நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படுவதால் அது ஒன்பது குறி. யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட் வீதம் 27 பைட். ஆரக்கிளில் ஊர்ப் பெயருக்கு வார்கேர்2 இருபது என்று இடம் ஒதுக்கினால், வழக்கமான அமைப்பில் அது இருபது பைட்டாகவே கொள்ளப்படும். சிதம்பரம் அதில் அடங்காது. பைதானில் ‘கடலூர்’ என்பதன் நீளத்தைக் கேட்டால் நான்குக்குப் பதில் 6 என்று வரும். பழைய மைஎஸ்கியூஎல் நிறுவல்களில் லத்தீன் குறிமுறையே இயல்பாக இருந்ததால், தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டன. ஒருமுறை கேள்விக்குறியானால் மீட்க முடியாது. 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் அந்த இயல்பு மாறியது.

வரிசைப்படுத்துதல் இதைவிட நுட்பமானது. யூனிகோடு எண்ணின்படியே அடுக்கினால் கணேசனுக்குப் பிறகுதான் கண்ணன் வருவார். நம் அகராதி முறையில் புள்ளி எழுத்து முந்தும், கண்ணனே முதல். யூனிகோடில் றகரம் லகரத்துக்கு முன் நிற்பதால், மறைமதி மலருக்கு முன்னால் போய்விடுவாள். ஒரு வகுப்பின் வருகைப் பட்டியலே இப்படிக் குலையும். போஸ்ட்கிரெஸ் 2017-இல் வந்த 10-ஆம் பதிப்பிலிருந்து மொழிவாரி வரிசை விதிகளை உடைய ஐசியு நூலகத்தை ஏற்கிறது. தமிழ் வரிசையைக் கேட்டால் தரும். எழுத்துகளைத் தமிழ் முறையில் எண்ணுவதற்கு முத்து அண்ணாமலையும் நண்பர்களும் உருவாக்கிய ஓப்பன்-தமிழ் நூலகம் பைதானில் இருக்கிறது. தமிழ்ச் சொற்களாலேயே நிரல் எழுத அவர் அமைத்த ‘எழில்’ மொழியும் இருக்கிறது. தொழிலுக்கு அது போதாது என்றாலும், ஆங்கிலம் பழகாத குழந்தை முதல் நிரலை எழுத அதுவே தக்க இடம். யூனிகோடைத் தமிழக அரசு 2010-இல் தரமாக ஏற்றது. அதற்கு முன் தனித்தனி எழுத்துருக் குறிமுறைகளில் தட்டிய ஆவணங்களை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பொருளற்ற குறிகளே தெரியும். மூன்றாவது அளவுகோலை நான் ஏன் பெரிதாக மதிக்கிறேன் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

முதல் அளவுகோலுக்கும் நம் ஊரில் தனிப் பொருள் உண்டு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தது. மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்து, பல கிராமங்கள் நாள்கணக்கில் இருளில் கிடந்தன. நெய்வேலி அனல்மின் நிலையம் இருக்கும் மாவட்டத்திலேயே இந்த நிலை. 2015 வெள்ளமும் இங்கே கடுமையாக இருந்தது. இப்படி மின்சாரம் போனால் இணையமும் போய்விடும். இணையத்தில் மட்டுமே இயங்கும் கொலாப் போன்ற நோட்புக் சூழல்கள் சக்தி மிக்கவை. தரவை ஆராய்கிறவர்களுக்கு ஜூப்பிட்டர் வழி இன்று இன்றியமையாதது. ஆனால் காட்டுமன்னார்கோவில் பக்கத்துக் கிராமத்து மாணவிக்கு அதை மட்டும் கற்பித்து அனுப்புவது நியாயமில்லை. அதே ஜூப்பிட்டரை அவர் கணினியிலேயே நிறுவலாம். எஸ்கியூலைட்டில் சர்வரே தேவையில்லை. மொத்தத் தரவுத்தளமும் ஒரே கோப்பு. பென்டிரைவில் போட்டு எடுத்துச் செல்லலாம். பேட்டரி இருக்கும்வரை வேலை நடக்கும். நிரலைத் தானே எழுதித் தரும் செயற்கை அறிவுத் துணைகளையும் இதே அளவுகோல்களால் பாருங்கள்: இணையமில்லாமல் அவற்றில் பல ஓடா, தரும் விடை சரியா என்று சொல்ல, எழுதத் தெரிந்த ஆள் ஏற்கெனவே வேண்டும்.

ஆகவே என் தேர்வைச் சொல்கிறேன். தொடங்குபவருக்கு ஐடில் அல்லது ஓர் எளிய தொகுப்பி, பக்கத்தில் டெர்மினல், தரவுக்கு எஸ்கியூலைட். இரண்டாம் ஆண்டிலிருந்து விஎஸ் கோடு, தூண்டுகுறியில் போஸ்ட்கிரெஸ். ஜாவாவைத் தொழிலாகக் கொள்பவருக்கு மட்டும் இன்டெல்லிஜே. டர்போவை லேப்பிலிருந்து எடுத்துவிடலாம். லினக்ஸில் இவற்றை நிறுவ உதவி வேண்டுவோருக்கு, அடுத்த மாவட்டமான விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு மாணவர்களோடு இயங்கிவருகிறது. கடலூருக்கும் அப்படி ஒன்று வேண்டும்.

லேப் பொறுப்பிலிருக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். மாணவர் செய்த புராஜெக்டை அவர் கணினியில் பார்த்து மதிப்பெண் போடாதீர்கள். நிரல் கோப்புகளையும் தரவுத்தளத்தின் எஸ்கியூஎல் நகலையும் வாங்கி, வேறொரு கணினியில் ஓட்டச் சொல்லுங்கள். சோதனைத் தரவில் ஸ்மித்தும் கிங்கும் வேண்டாம். கண்ணன், கணேசன், மலர், மறைமதி என்று தமிழிலேயே பெயர்கள் கொடுத்து, அகர வரிசையில் அடுக்கிக் காட்டச் சொல்லுங்கள்.