காதற் கடவுளரும் விக்கிரகங்களும்: பறோக் வரைகலை பற்றிய ஒரு நோக்கு

ஒரு காலத்தின் கலைக் கோட்பாட்டை அக்காலத்தின் அதிகார உறவுகளினின்றும் பிரித்தறிதல் இயலாது. பறோக் காலத்து ஐரோப்பா தெய்வக் காதலரை நோக்கிய முறை இதற்குத் தக்க சான்றாகும்.

1597 அளவில் அனிபாலே கராச்சி, றோமில் கர்தினால் ஒடோஆர்டோ பர்னேசேயின் மாளிகை விதானத்திலே புராணக் காதலரைத் தீட்டத் தொடங்கினார். பக்கஸ் - அரியாட்னி, வீனஸ் - அங்கைசிஸ், டயானா - எண்டிமியன் முதலியோர் அங்கு இடம்பெறுகின்றனர். அப்பணிக்கென அவர் கருஞ்சுண்ணத்தால் வரைந்து, வெண்சுண்ணத்தால் ஒளியேற்றிய ஆயத்தப் படங்கள் பல எஞ்சியுள்ளன. உயிருள்ள மனிதரை முன்னிருத்தி வரையும் பயிற்சி அவற்றின் அடிப்படை. தோளின் பாரமும் இடையின் திருப்பமும் தேவரை மண்ணுக்குக் கொணர்கின்றன. பறோக் வரைகலையின் வலிமை இதுவே.

மறுபுறம், 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. பாதிரியார் பிலிப்பஸ் பல்தேயஸ் 1665 வரை இலங்கையிற் பணியாற்றினார். பருத்தித்துறைப் புளியமரத்தடியில் அவர் போதித்தமை நாமறிந்ததே. 1672இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்த அவரது பெருநூலின் ஒரு பகுதி தசாவதாரக் கதைகளைக் கூறுகிறது. இராமன் - சீதை, கண்ணன் - ஆய்ச்சியர் கதைகள் அங்கே ‘விக்கிரக வழிபாடு’ என்னும் தலைப்பின் கீழ் அடங்குகின்றன. அவதாரப் படங்களில் ஆடையும் ஆயுதமும் இந்தியச் சித்திர மரபின. நிழற்கோடுகளோ ஐரோப்பியச் செப்புத்தகட்டு மரபின.

இப்பகுதி ஓவியர் பிலிப்ஸ் ஏஞ்சலின் கையெழுத்துப் படியைப் பெரிதும் தழுவியதென்பதைப் பிற்கால ஆய்வு காட்டியுள்ளது. இயற்கையைப் பின்பற்றுதலே ஓவியத்தின் சிறப்பென 1642இல் ஒரு நூலே எழுதியவர் ஏஞ்சல். ஆயினும் அவர்வழி வந்த அவதார உருவங்களில் கராச்சியின் உடற்பாரம் இல்லை. அவை காதலரின் உருவங்களாகவன்றி, வேற்றுச் சமயமொன்றின் சான்றுப் பொருள்களாகவே அச்சேறின.

வேறுபாட்டின் காரணம் யாது? கைத்திறக் குறைவன்று. வீனஸை வணங்கியோர் எப்போதோ மறைந்துவிட்டனர். ஆகவே திருச்சபையின் கர்தினாலும் அவளை அச்சமின்றி விதானத்தில் ஏற்றலாம். கண்ணனை வணங்கியோரோ உயிருடன் இருந்தனர், கம்பனிக்கு வரி செலுத்தினர், மதமாற்றத்துக்கும் இலக்காயினர். இறந்த சமயத்தின் காதல் கலையாயிற்று. ஆளப்பட்ட மக்களின் காதல் விக்கிரகமாயிற்று.

இதற்கு மறுப்பாக நமது மரபை வெறுமனே போற்றுதல் போதாது. பர்னேசே விதானமும் பெருங்குடிச் செல்வத்தின் காட்சியே. எவருடைய காதல் கலையெனப் பெயர் பெறுகிறது, அப்பெயரை இடுவோர் யாவர் என்ற வினாவை இரு மரபுகளிடத்தும் எழுப்புவதே விமரிசனத்தின் கடனாகும்.