வாசலில் ஒரு வலை

வாஷிங் மெஷினில் தண்ணீர் ஏறாமல் நின்றால், நான் முதலில் பார்ப்பது அதன் முதுகுப்பக்கம். ஹோஸ் வந்து சேரும் இடத்தில், முக்கால் அங்குல மரைக்குள், சின்னதாக ஒரு பிளாஸ்டிக் வலை உட்கார்ந்திருக்கும். மொத்த மெஷினிலும் எனக்குப் பிடித்த பாகம் அதுதான். அதன் பின்னால் இருக்கும் வால்வு மின்காந்தத்தால் திறப்பது. இடுக்கில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் சரியாக மூடாது, மெஷின் அணைந்திருக்கும்போதும் தண்ணீர் கசியும். அந்த மணலை வாசலிலேயே மறிப்பது இந்த வலை.

பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடிவிட்டு, ஹோஸைக் கையாலேயே கழற்றலாம். குறட்டால் மெல்ல இழுத்தால் வலை வந்துவிடும். போர் தண்ணீர் ஓடும் வீடுகளில் மணலோடு வெள்ளை உப்பும் படிந்திருக்கும். எலுமிச்சைச் சாற்றில் போட்டால் பொடிப்பொடியாகக் குமிழ் விடும்: சுண்ணாம்பு கரைந்து கரியமில வாயு வெளியேறுகிறது. அதைப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை. பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு, போதும். திரும்ப மாட்டும்போது ரப்பர் வாஷரை விட்டுவிடக் கூடாது. கையால் இறுக்கினாலே தாராளம். ஸ்பேனர் போட்டால் பிளாஸ்டிக் மரை கிழிந்துவிடும்.