சீட்டுக்கு அடியில் எஞ்சின்

ஸ்ரீ கெம்பாங்கான் பட்டறையில் பழைய நிசான் வேனட் வேன் கேம்பர்வேனாக மாற வந்து நின்றால், என் கண் முதலில் கூரையோர மழைநீர்ப் பள்ளத்துக்குத்தான் போகும். துரு குடிபுகும் இடம் அது. பெயிண்டு லேசாகக் குமிழ் விட்டிருந்தாலே உள்ளே தகடு அரித்திருக்கும். சுரண்டி, வெல்டிங் வைத்து, சீலண்ட் பூசிய பிறகுதான் மெத்தை, திரைச்சீலை, அடுப்பு மேடை எல்லாம். சுவர்ப் பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே காற்றோட வழி விடுபவரே கைதேர்ந்த தச்சர். இந்த ஊர் ஈரத்துக்குப் பூஞ்சை உடனே வந்துவிடும். சீட்டு, ஜன்னலை மாற்றுவதென்றால் முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜே.பி.ஜே.யின் அனுமதி வேண்டும்.

எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில். தாப்பாவிலிருந்து கேமரன் மலை ஏறும்போது ஓட்டுபவர் தொடையிலேயே சூடு தெரியும்! ரேடியேட்டர் ஹோஸ் பழசா? பேசாமல் மலையை விட்டுவிட்டு, பிள்ளைகளைப் போர்ட் டிக்சன் கடற்கரைக்கு அழைத்துப் போங்கள். திரும்பியதும் கடல் உப்பு போக வண்டியின் அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.