மழலையும் கதாசிரியர்களும்

நம்முடைய கதைகளில் மூன்று வயதுக் குழந்தை ஒன்று நுழைந்துவிட்டால், அச்சுக் கோப்பவருக்கு ரகரம் தேடும் வேலை மிச்சம். ரயில் 'லயில்' ஆகும். சர்க்கரை 'சக்கலை' ஆகும். கிழவி 'கியவி' ஆவாள். குழந்தையைச் சிருஷ்டித்தாயிற்று என்று ஆசிரியர் திருப்தி அடைந்து, அடுத்த பாராவில் அதைத் தூங்கப் பண்ணிவிட்டுப் பெரியவர்களின் விவகாரத்துக்குத் திரும்பிவிடுவார். தீபாவளி மலர்களில் இந்தக் குழந்தையை நான் எத்தனையோ தடவை சந்தித்திருக்கிறேன். பெயர்தான் மாறும்.

பழக்கம் பழையதுதான். பிள்ளைத்தமிழ் என்று ஒரு பிரபந்தவகையே நம்மிடம் இருக்கிறது. அதில் குழந்தை செங்கீரை ஆடுகிறது, சப்பாணி கொட்டுகிறது, முத்தம் தருகிறது. பேசுவது என்னவோ தாயும் செவிலியும் கவிராயரும்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. குமரகுருபரர் மீனாட்சியைக் கொஞ்ச வந்தவர். அவள் எப்படிப் பேசக் கற்றாள் என்று விசாரிக்க வந்தவரல்ல. கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு பாத்திரத்தின் வாயைத் திறந்துவிட்டால், அதன் மனசுக்கும் அவன் ஜவாப்தாரி.

ஜீன் பெர்க்கோ, ரோஜர் பிரௌன் என்ற இரண்டு அமெரிக்க மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் 1960-ல் ஒரு சிறிய சம்பவத்தை எழுதி வைத்தார்கள். ஒரு குழந்தை தன் பொம்மை மீனை 'ஃபிஷ்' என்று சொல்ல வராமல் 'ஃபிஸ்' என்றது. பெரியவர் ஒருவர் அதே மாதிரி, "இது உன் ஃபிஸ்ஸா?" என்று கேட்டார். குழந்தை ஒப்புக்கொள்ளவில்லை. 'ஃபிஸ்' இல்லை, 'ஃபிஸ்' என்று பிடிவாதமாகத் திருத்தியது. 'ஃபிஷ்' என்று அவர் சரியாகச் சொன்ன பிறகுதான் அது சமாதானம் ஆயிற்று. நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். 'பயம்' வேண்டும் என்று கையை நீட்டுகிற குழந்தையிடம், "பயமா வேணும்?" என்று கேட்டுப் பாருங்கள், கோபம் வரும். அதன் காதில் பழம் பழமாகவேதான் இருக்கிறது. நாக்குத்தான் இன்னும் வந்து சேரவில்லை.

ஆகவே, கதாசிரியர் சிரத்தையாக எழுதுகிற 'கியவி'யும் 'லயி'லும் குழந்தைக்கே சம்மதமில்லாத சொற்கள். வெளியே நின்று கேட்கிற பெரியவரின் காதில் விழுவதை எழுதிவிட்டு, அதைக் குழந்தையின் உள்ளம் என்று நம்மிடம் நீட்டுகிறார். ருசிக்காக ஓரிடத்தில் ஒரு சிட்டிகை போட்டால் நான் சண்டைக்கு வரமாட்டேன். பக்கம் பக்கமாகப் போட்டால் அது கேலிதான்.

அந்தக் காது லேசுப்பட்டதல்ல. கானடாவில் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. இங்கிலீஷ் மட்டுமே பேசும் வீடுகளில் பிறந்த ஆறேழு மாதக் குழந்தைகள், ஹிந்தியில் உள்ள இரண்டு ஒலிகளை, அதாவது நம்முடைய 'ட', 'த' போன்றவற்றை, சுலபமாக வேறுபடுத்தின. அவர்களுடைய பெற்றோர் வயதுக்காரர்களுக்கு அது எளிதில் முடிவதில்லை. வருஷம் நிறைகிற சமயத்தில் குழந்தைகளிடமும் அந்தத் திறமை குன்றிவிடுகிறது. தொட்டிலில் சும்மா கிடப்பதாக நாம் நினைக்கிற பிராயத்தில், தன் வீட்டுப் பாஷைக்கு வேண்டாத வித்தியாசங்களை அது ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டிருக்கிறது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இலக்கணத்தைப் பற்றி. எங்கள் தெருவில் மூன்று வயதுப் பெண் ஒருத்தி, "நான் கீழே விழுந்தேன், அழுந்தேன்" என்றாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அழுந்தேன்' என்று அவளுக்கு யார் சொல்லித் தந்திருப்பார்கள்? 'விழு' என்பது 'விழுந்தேன்' ஆனால் 'அழு' என்பது 'அழுந்தேன்' ஆகவேண்டியதுதானே? பவணந்தி முனிவரின் சூத்திரம் தெரியாமலே அவள் ஒரு சூத்திரம் செய்திருக்கிறாள். இங்கிலீஷ் குழந்தைகளும் இப்படித்தான். 'வென்ட்' என்று முதலில் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த குழந்தை, சில மாதம் கழித்துக் 'கோட்' என்று தப்பாகச் சொல்ல ஆரம்பிக்கிறது. தாயார் கவலைப்படுகிறாள். உண்மையில் அது முன்னேற்றம். முன்பு ஒப்பித்தது, இப்போது விதியைப் பிடித்துவிட்டது. அதே பெர்க்கோ 1958-ல், உலகத்தில் இல்லாத ஒரு பிராணியின் படத்தைக் காட்டி, 'வக்' என்று பெயரும் வைத்து, இரண்டு இருந்தால் என்ன என்று குழந்தைகளைக் கேட்டார். கேட்டேயிராத அந்தச் சொல்லுக்குப் பெரும்பாலான குழந்தைகள் தயங்காமல் பன்மை சொல்லின.

நம் கதைகளில் இப்படி ஒரு தப்பு வருகிறதா? நான் பார்த்த வரையில் இல்லை. தூக்கச் சொல்லி, "உன்னைத் தூக்கிக்கோ" என்று தாயிடம் கையை நீட்டுகிற குழந்தையும் வருவதில்லை. எல்லாரும் தன்னை 'நீ' என்றால், தன் பெயர் 'நீ' என்று ஒரு குழந்தை நினைப்பதில் என்ன பிசகு? இதெல்லாம் ஒரு மனசு வேலை செய்கிற சத்தம்.

இன்னொரு கோடியில் சினிமாக் குழந்தை இருக்கிறது. அது மழலையே பேசாது. நேராகத் தத்துவம் பேசி, பிரிந்த தம்பதிகளைச் சேர்த்து வைக்கும். அதைப் பற்றிப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

தாய்மார்களையும் நாம் தவறாகவே எழுதுகிறோம். கதைத் தாய் ஒவ்வொரு சொல்லையும் திருத்துவாள். பிரௌனும் அவருடன் வேலை செய்த ஹேன்லனும் 1970-ல் கண்டது வேறு: தாய்மார்கள் பெரும்பாலும் இலக்கணப் பிழையை விட்டுவிடுகிறார்கள், விஷயம் பொய்யானால்தான் திருத்துகிறார்கள். "அப்பா வந்துது" என்றால், அப்பா வந்திருந்தால் சரி.

நம்மவர்களில் கு. அழகிரிசாமியை ஒரு விதிவிலக்காகச் சொல்வேன். 'ராஜா வந்திருக்கிறார்' கதையின் குழந்தைகள் மழலைப் பருவம் கடந்தவர்கள்தான். ஆனாலும் பாஷை அவர்களுக்கு இன்னும் புதிய சாமான். பணக்கார வீட்டு ராமசாமி தங்கள் வீட்டுக்கு ஒரு ராஜா வந்திருப்பதாகப் பீற்றுகிறான். மங்கம்மாள் வீட்டில் அடைக்கலம் புகுந்த அநாதைச் சிறுவனின் பெயரும் ராஜா. தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாக அவள் பதில் சொல்லுகிறாள். ஒரு எழுத்துக்கூடச் சிதையவில்லை. பட்டமும் பெயரும் அவள் வாயில் ஒரே சொல்லாகி நிற்கின்றன; அவள் சிலேடை செய்யவில்லை, தனக்குத் தெரிந்த வார்த்தையைச் சொல்லுகிறாள்.