வேப்பெண்ணெய்க்கு ஒரு ஜே!

மாடித்தோட்டக்காரர்களே, இன்றைக்கு வேப்பெண்ணெய் புராணம் பாடப்போகிறேன். கொஞ்சம் ஓவராகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்!

மார்கழியில் அவரைப் பந்தல் பூத்துக் குலுங்க ஆரம்பித்தால் போதும், அசுவினிக்கு மூக்கில் வேர்த்துவிடும். கொழுந்து, பூங்கொத்து, பிஞ்சு என்று ஒன்று விடாமல் கருகருவென அப்பிக்கொள்ளும். இலையெல்லாம் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூஞ்சணம், அந்த இனிப்புக்கு எறும்புச் சாரை. ஆண் துணையே இல்லாமல் நேராகக் குட்டி போடுகிற ஜாதி இது. குட்டியும் ஒரு வாரம், பத்து நாளில் தாயாகிவிடும். கல்யாணம் காட்சி என்று எந்தத் தாமதமும் கிடையாது!

இதற்குத்தான் என் பிரம்மாஸ்திரம். காதி சோப்பைச் சீவி, கொஞ்சம் வெந்நீரில் கரைத்துக்கொள்வேன். அதில் 5 மில்லி வேப்பெண்ணெய் விட்டு அடித்துக் கலக்கினால், மஞ்சள் எண்ணெய் பால் மாதிரி வெளுத்துத் திரண்டு வரும் பாருங்கள், அந்த அழகே அழகு! பிறகுதான் ஒரு லிட்டருக்குத் தண்ணீர். எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் மேலே மிதக்கும், இலை கருகும். சோப்பு இல்லையா? பூந்திக்கொட்டை ஊறிய நுரைத் தண்ணீரும் ஜோர்தான்.

வெயில் தாழ்ந்து தேனீக்கள் கிளம்பிய பிறகு, இலைக்கு அடியில் நனைகிற மாதிரி அடிக்க வேண்டும். மேல்பக்கம் மட்டும் அடிப்பது செடிக்குப் பன்னீர் தெளிக்கிற கதை. சோப்பு, மெத்தென்ற உடம்பைக் காயவைக்கும். வேம்பில் இருக்கும் அசாடிராக்டின், தப்பித்ததைச் சாறு உறிஞ்சவும் விடாது, ஒழுங்காகத் தோலுரிக்கவும் விடாது. மறுநாள் காலையில் கொழுந்தைச் சுண்டினால் பழுப்பாகக் காய்ந்தவை பொலபொலவென உதிரும். ஆஹா! அந்தச் சுகத்துக்கு ஈடு உண்டா? ஒருமுறை அடித்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். வாரம் ஒருமுறை, செடி தெளியும்வரை தொடர வேண்டும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

இஞ்சி-பூண்டு-பச்சைமிளகாய்க் கரைசலுக்கு ஏகப்பட்ட ரசிகர்கள். வேலை செய்யும்தான். ஆனால் காற்று திரும்பினால் முதலில் அழுவது நாம். என் ஓட்டு வேப்பெண்ணெய்க்கே.

எறும்பையும் கவனியுங்கள். அசுவினியின் பாடிகார்டு அதுதான்! பந்தல்காலில் துணியைச் சுற்றி விளக்கெண்ணெய் தடவிவிட்டால் வழி அடைபட்டுப்போகும். காவல் போனதும் பொறிவண்டு தைரியமாக வந்து இறங்கும். அதன் புழுவைப் பார்த்திருக்கிறீர்களா? கருப்பு உடம்பில் ஆரஞ்சுப் புள்ளிகளோடு, குட்டி முதலை மாதிரி இருக்கும். ஏதோ விஷப்பூச்சி என்று நசுக்கிவிடாதீர்கள், அசுவினியை நூற்றுக்கணக்கில் தின்று தீர்க்கிற தங்கம் அது! அது மேய்கிற செடிப்பக்கம் நான் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்துக்கொண்டு போவதே இல்லை. தண்ணீர்க் குழாயோடு சரி.

எண்ணெய் வாங்கும்போது மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். விளக்கேற்ற விற்கிற கலப்பு எண்ணெயை நம்பாதீர்கள். செக்கில் ஆட்டியதாக இருக்கட்டும், மூடியைத் திறந்ததும் நெடி மூக்கைத் துளைக்க வேண்டும். வீட்டில் முகம் சுளிப்பார்கள். இரண்டு நாள் அவரைக்காய்ப் பொரியல் போட்டால் சரியாகிவிடும்!