எழுத்து எழுத்தாகவே இறங்கட்டும்

ரசீது, விண்ணப்பம், தன்விவரக் குறிப்பு போன்றவற்றைப் பல இணையதளங்கள் இன்று சர்வரில் தயாரிப்பதில்லை. பயனரின் உலாவியே அவற்றை உருவாக்கித் தந்துவிடுகிறது. ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கோப்பை நினைவகத்தில் ‘பிளாப்’ ஆகக் கட்டி, அதற்கு ஒரு தற்காலிக முகவரி கொடுத்து, பதிவிறக்கம் செய்யவைக்கிறது. இந்த முறை வரவேற்கத்தக்கது. ஆனால் இதைக் கையாளும் விதத்தில், குறிப்பாகத் தமிழ் ஆவணங்களில், பெரும் அலட்சியம் தெரிகிறது.

முதலில் நிறை. தன்விவரக் குறிப்பில் ஒருவரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும். மருத்துவக் குறிப்பில் அவரது நோயே இருக்கும். அந்தத் தகவல் அவருடைய கணினியைத் தாண்டாமலே ஆவணமாகிவிடுவது எளிய, உறுதியான பாதுகாப்பு. பக்கம் ஒருமுறை ஏறிவிட்டால், இணைப்பு அறுந்தாலும் வேலை நடக்கும். சர்வர் செலவும் குறையும். சிறிய நூலகமோ தன்னார்வக் குழுவோ பணமில்லாமல் இந்த வசதியைத் தர முடிவது இதனால்தான்.

குறை, கோப்பின் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது தொடங்குகிறது. அதிகம் விரும்பப்படுவது பிடிஎஃப். 1993இல் அடோபி வெளியிட்ட இந்த வடிவம், 2008இல் ஐஎஸ்ஓ தரமாயிற்று. எந்தக் கருவியில் திறந்தாலும் பக்கம் குலையாது என்பது இதன் பலம். ஆனால் இதன் 14 அடிப்படை எழுத்துருக்களில் தமிழுக்கு இடமில்லை. தமிழ் எழுத்துருவைக் கோப்புக்குள்ளேயே வைத்தாக வேண்டும். வைத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. ‘செடி’ என்பதில் ச முதலிலும் ஒற்றைக்கொம்பு அதற்குப் பின்னும் சேமிக்கப்படுகின்றன. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தை உலாவி தானே செய்துவிடுகிறது. ஜேஎஸ்பிடிஎஃப் போன்ற நிரல் தொகுப்புகள் எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வரைவதால், கொம்பு எழுத்தின் பின்னால் போய் நிற்கிறது.

இதைத் தவிர்க்கப் பலரும் பிடித்திருக்கும் குறுக்குவழி, பக்கத்தைப் படமாக்கி அந்தப் படத்தை பிடிஎஃப்பில் ஒட்டுவது. பார்வைக்குப் பிழையில்லை. ஆனால் அதில் ஒரு சொல்லையும் தேட முடியாது. ஒரு வரியையும் நகலெடுக்க முடியாது. பெரிதாக்கினால் மங்கும். பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதில் படிக்க எழுத்தே இருக்காது. பிழை மறைந்துவிடுகிறது, கூடவே உரையும் போய்விடுகிறது. இந்த வழக்கத்தின் மிகப் பெரிய தீங்கு இதுதான்.

திருத்தக்கூடிய ஆவணம் தேவைப்படும்போது வேறு குறுக்குவழிகள் வருகின்றன. எச்டிஎம்எல் பக்கத்துக்கு ‘டாக்’ என்று பின்னொட்டு வைத்து இறக்கினால் வேர்டு திறந்துவிடும். ஆனால் படங்கள் இணையத்தில் இருந்தால், இணைப்பில்லாதபோது அந்த இடம் காலியாக நிற்கும். வேறு செயலிகளில் அதன் வடிவம் குலையலாம். 1987இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஆர்டிஎஃப் எளிமையானது. க என்ற எழுத்தை 2965 என்று எண்ணாக எழுதினால் போதும். ஆனால் 2008க்குப் பிறகு அது வளரவில்லை.

முறையான வழி டாக்எக்ஸ்தான். பல எக்ஸ்எம்எல் கோப்புகளை ஜிப் ஆகக் கட்டிய இந்த வடிவத்தை உலாவியிலேயே எளிதாக உருவாக்கலாம். இங்கும் ஒரு நுட்பம் கவனிக்கப்படாமல் போகிறது. வேர்டு, தமிழைச் சிக்கல் வரிவடிவமாகக் கருதி, அதற்கான எழுத்துரு, அளவு, தடிமன் ஆகியவற்றைத் தனிக் குறிகளில் தேடுகிறது. ஆங்கிலத்துக்குரிய குறிகளை மட்டும் எழுதினால், தலைப்பில் ஆங்கிலச் சொல் பெரிதாகவும் தடிப்பாகவும் நிற்க, பக்கத்திலிருக்கும் தமிழ்ச் சொல் சாதாரண அளவில் சுருங்கிக் கிடக்கும். சில வரிகள் கூடுதலாக எழுதினால் இது சரியாகிவிடும்.

பிடிஎஃப்பே வேண்டுமென்றால், உலாவியின் அச்சிடும் வசதியைப் பயன்படுத்துவது நல்லது. கொம்பும் காலும் உரிய இடத்தில் அமரும். உரை உரையாகவே இருக்கும். பயனர் ஒரு பெட்டியில் ‘பிடிஎஃப் ஆகச் சேமி’ என்று தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பதும், பக்கத்தின் மேலும் கீழும் தேதியும் இணைய முகவரியும் ஒட்டிக்கொள்வதும் சிறு தொல்லைகள். எழுத்தை இழப்பதோடு ஒப்பிட்டால் அவை பொருட்டல்ல.

சான்றிதழ் போன்றவற்றுக்கு இந்த முறை பொருந்தாது. பயனரின் உலாவியில் உருவாகும் ஆவணத்தை அவரே மாற்றிவிட முடியும். மின் கையொப்பம் தேவைப்படும் இடத்தில், ஆவணத்தைத் தருபவரின் சர்வர்தான் பொறுப்பேற்க வேண்டும்.

மற்ற எல்லாவற்றுக்கும் உலாவியே போதும். ஆனால் ‘பதிவிறக்கு’ பொத்தானை வைப்பதற்கு முன் தமிழ்ப் பத்தி ஒன்றைக் கொண்டு சோதித்தாக வேண்டும்: ஒரு சொல்லைத் தேடினால் அகப்படுகிறதா, ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் எழுத்து மாறாமல் வருகிறதா, திரைவாசிப்பான் வாசிக்கிறதா, இன்னொரு செயலியில் திறக்கிறதா? இவற்றில் தவறும் கோப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அதை ஆவணம் என்று பயனருக்குக் கொடுக்கக் கூடாது.